லூயி பிலிப்: புரட்சியை அறிந்த மன்னர் மூன்று நாளில் வீழ்ந்தது ஏன்?

ஏடகம்:

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பதினாறாம் லூயியின் தலை விழுந்த கதையோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதே நாட்டில் 1830-லும் 1848-லும் மேலும் இரண்டு புரட்சிகள் மன்னர்களைத் துரத்தின என்பதும், அவற்றுள் முதலாவதால் அரியணை ஏறி இரண்டாவதால் அதை இழந்தவர் ஒருவரே என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த லூயி பிலிப்பைப் பற்றி விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1773 அக்டோபர் 6 அன்று பாரிஸில், பலே ரொயால் மாளிகையில் பிறந்தவர் அவர். அரச குடும்பத்தின் இளைய கிளையான ஓர்லியான் வழியினர். செல்வத்தில் குறைவில்லாதவர்கள், மூத்த கிளையோடு தலைமுறை தலைமுறையாக மனத்தாங்கல் கொண்டவர்கள். மதாம் தெ ஜான்லிஸ் என்னும் அம்மையார் அவரையும் உடன்பிறந்தவர்களையும் வளர்த்த விதமே அக்கால இளவரசர்களுக்கு உரியதன்று: மெத்தையில்லாத பலகைக் கட்டில், தோட்ட வேலை, தச்சு வேலை, பேசிப் பழகியே கற்ற அயல்மொழிகள். பதினேழு வயதில், புரட்சியின் தீவிர ஆதரவாளர்கள் கூடிய ஜாக்கோபின் சங்கத்தில் சேர்ந்தார். 1792-இல் வால்மியிலும் ழெமாப்பிலும் புரட்சிப் படையின் அதிகாரியாக நின்று போரிட்டார்.

அவருடைய தந்தை, ‘பிலிப் எகாலித்தே’ என்று தம் பெயரையே மாற்றிக்கொண்டவர், 1793 ஜனவரியில் தம் உறவினரான மன்னரைக் கொல்ல வேண்டும் என்று வாக்களித்தார். மூன்று மாதத்தில் தளபதி துமூரியே எதிரிப் பக்கம் தாவியபோது மகனும் உடன் சென்றதால், பாரிஸில் தந்தை கைதானார். அவ்வாண்டு நவம்பர் 6 அன்று அவர் தலையும் கில்லட்டினில் விழுந்தது. அப்போது மகன் சுவிட்சர்லாந்தின் ரைஹெனாவ் பள்ளியில், ‘ஷபோ’ என்னும் பொய்ப்பெயரில், கணக்கும் புவியியலும் கற்பித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்காண்டிநேவியாவின் வடகோடி, அமெரிக்கா, ஹவானா, இங்கிலாந்து எனப் பல ஆண்டுகள் அலைந்தார். 1797-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் இல்லத்தில் விருந்தாளியாகத் தங்கினார். 1809-இல் பலெர்மோவில் அவர் மணந்த மரியா அமாலியா, கில்லட்டினில் மாண்ட மரி அந்துவானெத்தின் தமக்கை மகள் ஆவார். மன்னரைக் கொல்ல வாக்களித்தவரின் மகனும், கொல்லப்பட்ட அரசியின் உறவுப்பெண்ணும் நாற்பதாண்டு இல்லறம் நடத்தினார்கள்.

இவ்வளவு பார்த்தவர், 1848 பிப்ரவரியில் மூன்றே நாளில் எப்படி ஆட்சியை இழந்தார்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு முந்தைய மன்னர் பத்தாம் ஷார்ல் சட்டத்தை மீறி வீழ்ந்தார். இவர் சட்டத்தை மீறவேயில்லை. நாடாளுமன்றப் பெரும்பான்மை கடைசி நாள்வரை அவர் பக்கமே இருந்தது. அந்தப் பெரும்பான்மையையே நாட்டின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அவரைக் கவிழ்த்தது.

நெய்தல்:

நல்ல தொடக்கம் ஐயா. ஆனால் ‘சட்டத்தை மீறவேயில்லை’ என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அவர் அரியணை ஏறிய விதத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1830 ஜூலை 26 அன்று வெளியான ஆணைகளால் பத்தாம் ஷார்ல் பத்திரிகைகளின் வாயைக் கட்டினார், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கூடுமுன்பே கலைத்தார், வாக்காளர் எண்ணிக்கையைச் சுருக்கினார். 27, 28, 29 ஆகிய மூன்று நாள் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. ஆகஸ்ட் 2 அன்று மன்னர் முடி துறந்தார்; ஆனால் வெறுமனே துறக்கவில்லை, பேரன் போர்தோ கோமகனுக்காகத் துறந்தார். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது லூயி பிலிப்பிடம். மன்றத்தில் அவர் அறிவித்தது முடிதுறப்பை மட்டுமே. பேரனின் உரிமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று மன்றம் 219-க்கு 33 என்னும் கணக்கில் அவரை மன்னராக அழைத்தது. மன்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ 430 பேர் என்பதை நினைவிற்கொண்டால், பாதிப் பேருக்கு மேல் அன்று வாக்களித்தார்கள், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஆகஸ்ட் 7 அன்று, பதவி உறுதிமொழி எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக, அவர் தம் சொந்தச் சொத்துகளைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்தார். அரியணை ஏறுபவரின் சொத்து அரசுடைமையோடு கலந்துவிடும் என்பது பழைய மரபு. அதற்கு இடங்கொடாமல், அனுபவிக்கும் உரிமையைத் தமக்கும் உடைமையைப் பிள்ளைகளுக்குமாகப் பிரித்துவிட்டார். நாட்டைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்டவர் அந்த வாரத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

செம்பரிதி:

இது தனிமனிதர் குணத்தைப் பற்றிய கேள்வியே அன்று. 1831 ஏப்ரல் சட்டத்தைப் பாருங்கள்: ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டும் ஆணுக்கே வாக்கு; 500 பிராங்க் கட்டுபவருக்கே போட்டியிடும் உரிமை. மூன்றேகால் கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் 1 லட்சத்து 66 ஆயிரம் பேர். 1830 ஜூலையில் தெருவில் செத்தவர்கள் அச்சுத் தொழிலாளர்கள், தச்சர்கள், கொத்தர்கள். ஆதாயம் அடைந்தவர்களோ வங்கிக்காரர்களும் நிலக்கிழார்களும். ஆட்சியின் தன்மை அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

லியோன் நகரின் பட்டு நெசவாளர்கள் 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றைக் கேட்டார்கள். மாவட்ட ஆட்சியர் இருதரப்பையும் கூட்டிப் பேசி உடன்பாடு கண்டார். வணிகர்களுள் ஒரு பகுதியினர் அதை மதிக்க மறுத்ததும் நவம்பரில் நெசவாளர்கள் எழுந்தார்கள், நகரையே கைப்பற்றினார்கள், ஆனால் கொள்ளையடிக்கவில்லை. அரசு என்ன செய்தது? மன்னரின் மூத்த மகனையும் மார்ஷல் சூல்த்தையும் படையோடு அனுப்பியது, கூலிப் பட்டியலை ரத்து செய்தது, உடன்பாடு கண்ட ஆட்சியரைப் பதவியிலிருந்து நீக்கியது. கூலி என்பது சந்தையின் வேலை, அரசு அதில் தலையிடலாகாது என்பது அவர்கள் வாதம். படையை அனுப்பும்போது மட்டும் அந்தக் கோட்பாடு நினைவுக்கு வரவில்லை.

1834 ஏப்ரலில் லியோன் மீண்டும் எழுந்தது. பாரிஸிலும் அதன் எதிரொலி கேட்டது. ஏப்ரல் 14 விடியற்காலையில், திரான்ஸ்னோனேன் தெருவில் ஒரு வீட்டிலிருந்து குண்டு வந்தது என்று படையினர் உள்ளே புகுந்து, ஆயுதமில்லாமல் இருந்த குடியிருப்பாளர்களைக் கொன்றார்கள். ஓவியர் தோமியே அதை ஒரு கல்லச்சுப் படமாக வரைந்தார்: இரவுச் சட்டையோடு கட்டிலருகே விழுந்து கிடக்கும் ஓர் ஆண், அவன் உடலின் அடியில் ஒரு குழந்தை. அந்தப் படத்தின் பிரதிகளை அரசு தேடித் தேடிக் கைப்பற்றியது. எனவே ‘மூன்று நாளில் வீழ்ந்தார்’ என்று சொல்ல வேண்டாம். பதினேழு ஆண்டுகளாக வீழ்ந்துகொண்டிருந்தார்.

ஏடகம்:

செம்பரிதி சொன்ன நிகழ்ச்சிகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கூலியாட்கள்மீது சுட்டதால்தான் ஒரு ஆட்சி விழும் என்றால், இவருக்குப் பின் வந்த குடியரசு 1848 ஜூனிலேயே விழுந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பாரிஸில் சிந்திய இரத்தம் லூயி பிலிப் காலத்துக் கலகங்கள் எதையும்விட அதிகம்.

இவ்வாட்சியின் மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். 1833-இல் கல்வி அமைச்சர் கிசோ கொண்டுவந்த சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும் ஆண் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி வைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மாவட்டமும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்த வேண்டும் என்றும் விதித்தது. 1841-இல் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரிய ஆலைகளில் வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. ஊதியமில்லாத ஆய்வாளர்களை நம்பியதால் அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே போயிற்று என்பதும் உண்மை. 1842-இல் இருப்புப்பாதைச் சட்டம். பதினெட்டு ஆண்டுகளும் ஐரோப்பாவில் பெரும்போர் ஏதும் இல்லை. 1840-இல் எகிப்து விவகாரத்தில் தலைமை அமைச்சர் தியேர் போருக்கே ஆயத்தமானபோது அவரை விலக்கி அமைதியைக் காத்தவர் மன்னர்தாம்.

முதல் ஐந்தாண்டுகளில் பத்திரிகைச் சுதந்திரம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ஒரு காட்சி. 1831 நவம்பரில் கேலிச்சித்திரப் பத்திரிகையாளர் பிலிப்போன், மன்னரை அவமதித்ததாகக் குற்றக் கூண்டில் நின்றார். அவர் தாளை எடுத்து நான்கு முகங்களை வரைந்தார்: முதலாவது மன்னரின் முகம், இரண்டாவதில் தாடை சற்றே பருத்திருக்கிறது, மூன்றாவதில் நெற்றி குறுகிவிட்டது, நான்காவது ஒரு பேரிக்காய். இவற்றுள் எந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது, பேரிக்காய் மன்னரைப் போலிருந்தால் நான் என்ன செய்வது என்று நீதிமன்றத்தைக் கேட்டார். தண்டனை கிடைத்தது, ஆனால் அதற்குப் பிறகு பாரிஸின் சுவரெல்லாம் பேரிக்காய்தான்.

1835 ஜூலை 28-க்குப் பிறகு இந்த நிலை மாறியது. அன்று மன்னர் மகன்களோடு தேசியக் காவற்படையைப் பார்வையிட்டு வந்தபோது, தாம்ப்ல் பெருந்தெருவின் ஒரு மாடியிலிருந்து பியெஸ்கி என்பவன் இருபத்தைந்து துப்பாக்கிக் குழல்களைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி ஒரே நேரத்தில் வெடித்தான். மார்ஷல் மோர்த்தியே உட்படப் பதினெட்டுப் பேர் இறந்தனர். மன்னரின் நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டுமே. அவர் குதிரையைத் திருப்பாமல் அணிவகுப்பை முடித்துக்கொண்டே திரும்பினார். தைரியத்தில் அவருக்குக் குறையில்லை. ஆனால் செப்டம்பரில் வந்த சட்டங்கள் கேலிச்சித்திரத்துக்கு முன்தணிக்கை விதித்தன; தம்மைக் குடியரசுவாதி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும் குற்றமாயிற்று. அன்றுமுதல் அவருக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஓசை நின்றுபோனது. ஓசை நின்றதை அமைதி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

புதுவையான்:

நான் புதுச்சேரிக்காரன் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரின் ஆட்சிமுறையை வகுத்த 1840-ஆம் ஆண்டின் ஆணை இந்த மன்னரின் பெயரில்தான் வந்தது. ஆகவே அவரைப் பாரிஸின் மன்னராக மட்டும் பார்ப்பது போதாது.

1830 ஜூலை 5 அன்று, தாம் வீழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன், பத்தாம் ஷார்ல் அல்ஜியர்ஸைப் பிடித்தார். லூயி பிலிப் அதைக் கைவிடவுமில்லை, முதலில் என்ன செய்வது என்று தெளியவுமில்லை. பிறகு 1840 முதல் தளபதி புஜோவை ஏவி அல்ஜீரியாவின் உட்பகுதி முழுவதையும் பிடிக்க முனைந்தார். பயிரை எரிப்பது, தானியக் குழிகளைச் சூறையாடுவது, மந்தைகளை ஓட்டிச் செல்வது என்பது புஜோவின் போர்முறை. 1845 ஜூனில் தாஹ்ரா மலைக் குகையில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானோரைக் கர்னல் பெலிசியே வாயிலில் தீமூட்டிப் புகையால் கொன்றார். 1847 டிசம்பரில், பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற தலைவர் அமீர் அப்துல் காதிர் சரணடைந்தபோது, கிழக்கு நாடு ஒன்றுக்குப் போக விடுவதாக அளித்த வாக்கை மன்னரின் மகன் ஒமால் கோமகன் உறுதிப்படுத்தினார். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை; அமீர் பிரான்சில் சிறைவைக்கப்பட்டார்.

அடிமைமுறையும் அப்படியே. இங்கிலாந்து 1833-இல் சட்டம் இயற்றிய பிறகும், இவருடைய ஆட்சி பதினைந்து ஆண்டு குழு அமைத்து, அறிக்கை வாங்கி, நாளைக் கடத்தியது. வந்த இரண்டே மாதத்தில், 1848 ஏப்ரல் 27 அன்று, குடியரசு அதை ஒழித்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுக் குடியேற்றமான ரெயூனியன் தீவில் மட்டும் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் விடுதலை பெற்றனர். அவர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கப்பலேற்றியது அதற்குப் பிந்தைய கதை. அதற்குத் தனி இழை வேண்டும்.

முத்துக்கறுப்பன்:

எல்லோரும் கொள்கை பேசுகிறீர்கள். நான் ஒரு சாவைப் பற்றிப் பேசுகிறேன்.

1842 ஜூலை 13 அன்று மூத்த மகன் பெர்தினான், பெற்றோரிடம் விடைபெறப் பாரிஸிலிருந்து நெய்யிக்கு வண்டியில் சென்றபோது குதிரைகள் மிரண்டு ஓடின. வண்டியிலிருந்து கீழே விழுந்து தலையில் அடிபட்டவரைப் பக்கத்துக் கடைக்குள் கிடத்தினார்கள். அரசரும் அரசியும் நடந்தே ஓடி வந்து, அங்கேயே அவர் உயிர் பிரிவதைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வயது. காலரா பரவிய 1832-இல் மருத்துவமனைக்கே சென்று நோயாளிகளைப் பார்த்தவர் அவர். அப்போது உடன் சென்ற தலைமை அமைச்சர் பெரியே சில வாரங்களில் அதே நோயால் இறந்தார். படையினரிடமும் சீர்திருத்தம் விரும்பியவர்களிடமும் அந்த இளவரசருக்கு நல்ல பெயர் இருந்தது.

அவர் போனபின் வாரிசு நான்கு வயதுக் குழந்தை. மன்னருக்கோ எழுபது நெருங்கிவிட்டது. குழந்தை வளரும்வரை பொறுப்பாட்சி யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது, மக்கள் விரும்பிய தாய் எலேனை விட்டு, இறுக்கமான சுபாவம் கொண்ட இரண்டாம் மகன் நெமூர் கோமகனுக்கே அதைச் சட்டமாக்கினார்கள். ஏடகம் ஐயா சொல்லும் பிடிவாதம் எனக்கும் தெரிகிறது. ஆனால் அது வயதோடும் துக்கத்தோடும் சேர்ந்து முற்றிய பிடிவாதம். 1832-இன் லூயி பிலிப் 1848-இல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

நெய்தல்:

அந்த மூன்று நாளில் உண்மையில் என்னதான் நடந்தது என்பதை யாராவது வரிசையாக எழுதினால் நன்று. விருந்து ஒன்றைத் தடைசெய்ததால் ஆட்சி கவிழ்ந்தது என்றே பள்ளியில் படித்த நினைவு.

ஏடகம்:

விருந்திலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்ததால், 1847 ஜூலைமுதல் எதிர்க்கட்சியினர் கட்டணம் வாங்கி விருந்து வைத்து, அதன் முடிவில் வாழ்த்துரை என்ற பெயரில் வாக்குரிமைச் சீர்திருத்தத்தைப் பேசினார்கள். அவர்கள் கேட்டது பெரிதொன்றும் இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் துவெர்ஜியே தெ ஓரான் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் வரித்தகுதியை 200 பிராங்கிலிருந்து 100 ஆகக் குறைக்கச் சொன்னது. அதனால் வாக்காளர் எண்ணிக்கை இரண்டு லட்சம் கூடியிருக்கும். அரசு ஊழியர்கள் மன்றத்தில் அமரக் கூடாது என்பது இன்னொரு கோரிக்கை. உறுப்பினர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் அரசிடம் சம்பளம் வாங்குபவர்களாக இருந்தார்கள். இரண்டையும் மன்றம் தோற்கடித்தது. முந்தைய ஆகஸ்டில் நடந்த தேர்தலில்தான், முன்பு கல்வி அமைச்சராக இருந்து அப்போது ஆட்சியை நடத்திவந்த கிசோவின் அரசு பெரும் வெற்றி பெற்றிருந்தது. எதற்காக இறங்கிவர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் அந்த 1846-இலேயே உருளைக்கிழங்கும் கோதுமையும் பொய்த்து, ரொட்டி விலை ஏறி, அடுத்த ஆண்டு தொழில்களும் முடங்கின. முன்னாள் அமைச்சர் தெஸ்த் சுரங்க உரிமத்துக்கு லஞ்சம் வாங்கிய வழக்கும் வெடித்தது.

1848 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் நடக்கவிருந்த விருந்து தடை செய்யப்பட்டது. மழையில் மாணவர்களும் தொழிலாளர்களும் ஊர்வலம் போனார்கள். அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தேசியக் காவற்படையை அழைத்தார்கள். என் வாதத்தின் அச்சாணியே இங்குதான் இருக்கிறது. அந்தப் படையினர் கடைக்காரர்கள், பட்டறை உரிமையாளர்கள், எழுத்தர்கள். 1832-லும் 1834-லும் பாரிஸில் கலகம் எழுந்தபோது அரியணையைக் காத்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1840-க்குப் பிறகு மன்னர் அவர்களைப் பார்வையிடவும் இல்லை. அழைப்புக்கு வந்தவர்கள் ‘சீர்திருத்தம் வாழ்க’ என்று முழங்கி, படைக்கும் கூட்டத்துக்கும் இடையில் நின்றுகொண்டார்கள். மன்னர் அதைக் கேட்டதும் தளர்ந்தார்; பிற்பகலில் கிசோவை விலக்கினார். மாலையில் வீடுகளில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள்.

இரவு பத்து மணியளவில் கபுசீன் பெருந்தெருவில், வெளியுறவு அமைச்சகத்தின் முன், படையினர் கூட்டத்தின்மீது சுட்டார்கள். முதல் குண்டு யாருடையது என்பது இன்றும் தகராறுதான். ஐம்பது பேருக்கு மேல் மாண்டனர். பிணங்களுள் சிலவற்றை ஒரு வண்டியில் ஏற்றி, தீவட்டி வெளிச்சத்தில் தெருத்தெருவாக இழுத்துச் சென்றார்கள். விடிவதற்குள் நகரெங்கும் நூற்றுக்கணக்கான தடுப்பரண்கள் எழுந்துவிட்டன.

24-ஆம் தேதி காலை மன்னர் குதிரையேறி அரண்மனை முற்றத்தில் காவற்படையைப் பார்வையிட்டார். முதல் அணியில் சிலர் வாழ்த்தினர்; அடுத்த அணியினர் சீர்திருத்தம் கேட்டுக் கூவினர். அவர் பாதியிலேயே திரும்பி உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பியெஸ்கியின் குண்டு மழைக்குத் திரும்பாத குதிரை இதற்குத் திரும்பியது. நண்பகலளவில் பேரன் பெயருக்கு முடிதுறப்பை எழுதினார். சுற்றி நின்றவர்கள் அவசரப்படுத்த, மெதுவாகத்தான் எழுதுவேன் என்று எழுதினார். பிறகு, பதினாறாம் லூயி தலையிழந்த சதுக்கத்தின் ஓரமாக நின்ற சிறு வண்டிகளில் ஏறிக் குடும்பத்தோடு புறப்பட்டார். கன்னக் கிருதாவை மழித்து, ‘ஸ்மித்’ என்னும் பெயரில், பிரிட்டிஷ் துணைத்தூதரின் உதவியால் லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலேறி, மார்ச் 3 அன்று இங்கிலாந்தில் இறங்கினார். 1850 ஆகஸ்ட் 26 அன்று கிளேர்மாண்டில் இறந்தார்.

செம்பரிதி:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் பாரிஸ் படைகளின் தலைமையை மன்னர் யாரிடம் கொடுத்தார்? அதே புஜோவிடம். 1834 ஏப்ரலில் பாரிஸில் ஒரு படைப்பிரிவை நடத்தியவர் அவர். திரான்ஸ்னோனேன் தெருப் படுகொலை அவருடைய ஆட்களின் செயல் அன்று என்றாலும், பாரிஸ் மக்கள் பதினான்கு ஆண்டுகளாக அவரையே அதன் கொலைகாரர் என்று நம்பியிருந்தார்கள். ஒரு கையால் கிசோவை விலக்கி, மறு கையால் புஜோவை நியமித்த மன்னரின் நல்லெண்ணத்தை யார் நம்புவார்கள்? புதுவையான் சொன்ன அல்ஜீரியா அன்றிரவு பாரிஸுக்கே வந்துவிட்டது.

முத்துக்கறுப்பன்:

உண்மைதான். ஆனால் சில மணி நேரத்தில் சுடுவதை நிறுத்தச் சொல்லிப் படைகளைப் பின்வாங்க வைத்ததும் அதே மன்னரின் அரசு. நகரில் ஏறத்தாழ 30 ஆயிரம் படையினர் இருந்தார்கள். புஜோவை அவர் போக்கில் விட்டிருந்தால் பல்லாயிரம் பேர் மடிந்திருப்பார்கள். தன் அரியணைக்காக நகரை இரத்தத்தில் தோய்க்க அவர் ஒப்பவில்லை என்பதை அவர் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

செம்பரிதி:

லியோனில் ஒப்பினாரே, ஐயா.

ஏடகம்:

இருவர் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. லியோனில் எதிரே நின்றவர்கள் வாக்கில்லாத நெசவாளர்கள். 1848-இல் எதிரே நின்றவர்கள் அவர் தம்முடையவர்கள் என்று நம்பியிருந்த நடுத்தர வகுப்பார். அவர்கள்மீது சுடுவதற்கு அவருக்கு வாதமே இல்லை.

முடிதுறப்புத் தாளைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. எலேன் பொறுப்பாட்சியாளராக வருவார் என்று எழுதினால் கூட்டம் தணியலாம் என்று அருகிலிருந்தவர்கள் எண்ணினார்கள். அந்தத் தாளில் எலேனின் பெயர் இல்லை. 1842-இன் சட்டம் நெமூருக்கே உரிமை தந்திருந்தது. எலேன் இரு குழந்தைகளோடு மன்றத்துக்குச் சென்றார். நெமூர் தம் உரிமையை விட்டுக்கொடுக்க முன்வந்து உடன் சென்றார். உறுப்பினர்கள் எழுந்து ஆரவாரித்தார்கள், ஒரு கணம் காரியம் கைகூடும் போலவும் இருந்தது. அதற்குள் ஆயுதமேந்திய கூட்டம் கதவுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கவிஞரும் மன்ற உறுப்பினருமான லமார்தீன் மேடையேறித் தற்காலிக அரசு வேண்டும் என்றார். முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. ஏப்ரலில் நடந்த தேர்தலில் வாக்குரிமை பெற்றவர்கள் 90 லட்சத்துக்கு மேல்.